ஸ்மோக்கீஸ் வழியா ஏ.டி. 72 மைல்: அஞ்சு நாள்ல முடியுங்களா?

சிறுவாணித்தண்ணி கேட்டது:

வணக்கமுங்க. சார்லட்ல இருக்கேன், சொந்த ஊரு கோயமுத்தூர் பேரூர் பக்கம். அப்பலாச்சியன் டிரெயில் (ஏ.டி.)ங்கற நடைபாதை முழுசும் ஜார்ஜியால தொடங்கி மெய்ன் வரைக்கும் 2,190 மைலுக்கு மேல போகுது. அது இந்த ஜென்மத்துல ஆகற காரியமில்லைங்க. கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவுக்குள்ள வர்ற துண்டு மட்டும், அதாவது ஃபோன்டானா அணையில இருந்து டேவன்போர்ட் கேப் (கேப்னா கணவாய்ங்க) வரைக்கும் ஏறத்தாழ 72 மைல், அக்டோபர் ரெண்டாவது வாரம் நடக்கலாம்னு இருக்கோம்.

ஆளு மூணு பேர். நான் (44), மச்சினன் (38), பொண்ணு (15). லீவு அஞ்சு நாள், ராத்திரி நாலு. 72-ஐ அஞ்சால வகுத்தா ஒரு நாளைக்கு 14.4 மைல். மணிக்கு ரெண்டு மைல்னு வெச்சாலும் ஏழே கால் மணி நேர நடை. கணக்கு சரியாத்தான் வருது. இவ்வளவு சரியா வர்றதுதான் எனக்கு சந்தேகமா இருக்குதுங்க.

அனுபவம்னு கேட்டா, வெள்ளியங்கிரி ஏழு மலையும் பதினோரு தடவை ஏறியிருக்கேன். இங்க வந்து பகல்ல போயிட்டு வர்ற ஹைக் நிறைய. ராத்திரி காட்டுல தங்கினது இல்லை. பொண்ணு ஸ்கூல்ல கிராஸ் கன்ட்ரி ஓடறா, அவ மூச்சைப் பத்திக் கவலை இல்லை. இந்த யோசனையே அவளோடதுதான். சைவச் சாப்பாடு.

கேக்க வேண்டியது மூணு. ஒண்ணு, மேல சொன்ன கணக்கு. ரெண்டு, ஏ.டி. நடக்கறவங்களுக்கு 40 டாலர்ல ஒரு பெர்மிட் இருக்குதாமே, அதை எடுத்துட்டா வழியில ராத்திரி தங்கறதுக்கு இருக்கற எந்த ஷெல்டர்ல வேணும்னாலும் தங்கிக்கலாமா? மூணு, கரடி. இது நான் கேக்கலைங்க, மாமியார் கேக்கறாங்க. தினமும் போன்ல கேக்கறாங்க.


போடிமெட்டுக்காரி எழுதியது:

தம்பி, நான் நாக்ஸ்வில்ல பதினாலு வருசமா இருக்கேன். வயசு 53. அந்த 72 மைலையும் நடந்திருக்கேன், ஆனா ஒரே மூச்சுல இல்ல, மூணு துண்டா மூணு வருசத்துல. அதனால உங்க கணக்கைப் பார்த்ததும் சிரிப்பு வந்துருச்சு, தப்பா எடுத்துக்காதீங்க.

உங்க வகுத்தல் எங்க உதைக்குதுன்னு சொல்றேன். பூங்காவுக்குள்ள நெனச்ச எடத்துல கூடாரம் போட முடியாது. எந்த ராத்திரி எந்த ஷெல்டர்னு முன்கூட்டியே பதிஞ்சு, பெர்மிட்ல அச்சடிச்சு, அதைக் கையில வச்சுக்கிட்டு நடக்கணும். அந்த ஷெல்டர் எல்லாம் 14.4 மைலுக்கு ஒண்ணுன்னு உக்காந்திருக்கல. ஃபோன்டானாவுல இருந்து மோலீஸ் ரிட்ஜ் 11 மைல் கிட்ட, ஸ்பென்ஸ் ஃபீல்டு 17. மோலீஸ் ரிட்ஜ்லயே நின்னுக்கிறதுன்னா உங்க அஞ்சு நாள் கணக்கு அன்னைக்கே உடைஞ்சுரும். உடையக்கூடாதுன்னா முத நாளே அதையும் தாண்டி நடக்கணும். அந்த முத நாள் எப்படின்னா, அணை 1,700 அடி உயரத்துல இருக்கு. அங்கிருந்து ஷக்ஸ்டாக் மலை வரைக்கும் நாலு மைலுக்குள்ள 2,000 அடிக்கு மேல ஏத்தம். முதுகுல அஞ்சு நாள் சோறு முழுசா இருக்கிற அன்னைக்குத்தான் அந்த ஏத்தம் வருது.

வெள்ளியங்கிரியப் பத்தி. நானும் மலைக்காட்டுப் பொம்பளதான், ஏலத்தோட்டத்துக்கு நடந்தே ஏறுன சனம் நாங்க. வெள்ளியங்கிரி ஏறுறவுக கையில மூங்கத்தடி இருக்கும், முதுகுல என்ன இருக்கும்? ஒரு துண்டு, ஒரு தண்ணி பாட்டில், ஒரு விபூதிப் பொட்டலம். ராத்திரி ஏறி, சாமி பாத்து, மறுநாள் வீட்டுல குளிச்சிட்டு படுத்துருவீக. இங்க ரெண்டாவது நாள் காலைல எந்திரிச்சு, நேத்து வலிச்ச அதே தோள்ல மறுபடி பையை மாட்டணும். இந்த நடையில கஷ்டமே ரெண்டாவது நாள் காலைதான்.

இப்ப பெர்மிட். அந்த 40 டாலர் சமாச்சாரம் உங்களுக்கு இல்ல தம்பி. பூங்கா எல்லைக்கு 50 மைலாவது வெளியே தொடங்கி, 50 மைலாவது வெளியே முடிக்கிறவுகளுக்கு மட்டும்தான். அவுகளுக்கு எட்டு நாள் அவகாசம். நீங்க ஃபோன்டானாவுல ஏறி டேவன்போர்ட்ல எறங்குறதால சாதாரண பெர்மிட்: ஆளுக்கு ராத்திரிக்கு 8 டாலர். மூணு பேர், நாலு ராத்திரி, 96 டாலர். போற நாளுக்கு 30 நாள் முன்னாடிதான் பதிவு தொறக்கும். அக்டோபர்ல எலை நிறம் மாறுறதப் பாக்க ஊரே திரண்டு வரும், வெள்ளி சனி ராத்திரிகள் வெரசாப் போயிரும். ஒரு ஷெல்டர்ல பன்னெண்டு பதினாலு பேருக்குத்தான் எடம், அடுத்தடுத்து ரெண்டு ராத்திரி ஒரே ஷெல்டர்ல தங்கவும் முடியாது. நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனா காரை நிறுத்த டேக் வாங்கணும், வாரத்துக்கு 15 டாலர். அது தெரியாமப் போயி முத நாளே மூஞ்சி சுருங்குன ஆளுகளப் பாத்திருக்கேன்.

நான் சொல்ற வழி: 72-ஐ மறந்துருங்க. நியூஃபவுண்ட் கேப்ல தொடங்கி காஸ்பில முடிங்க. பூங்காவோட வடகிழக்குப் பாதி, நல்ல உசரமான பாதி.

வியாழக்கிழமையோ ஞாயித்துக்கிழமையோ சார்லட்ல விடியக்காலம் கிளம்பி, காரைக் காஸ்பி கேம்ப்கிரவுண்ட்ல விட்டுருங்க. அங்கிருந்து ஷட்டில்காரர் யாரையாவது முன்னாடியே பேசி வச்சு நியூஃபவுண்ட் கேப் போயிருங்க. கார் எப்பவும் முடியிற எடத்துலதான் நிக்கணும். நாலு நாள் கழிச்சு, நாத்தம் புடிச்ச துணியோட, ஷட்டில் வருமா வராதான்னு ரோட்டோரம் உக்காந்து பாருங்க, அப்பப் புரியும். எனக்கு ரெண்டே முக்கால் மணி நேரத்துல புரிஞ்சுச்சு.

அன்னைக்கு ஐஸ்வாட்டர் ஸ்பிரிங் ஷெல்டர் வரை 3 மைல் மட்டும். கம்மியா இருக்கேன்னு நெனைக்காதீங்க, பை எங்க உறுத்துது, எந்த வார் தளரணும்னு பழக அந்த 3 மைல் வேணும். மறுநாள் சார்லீஸ் பனியன் தாண்டி பெக்ஸ் கார்னர், ஏழரை மைல் (ஷெல்டர் மெயின் பாதைய விட்டு கொஞ்சம் கீழ எறங்கும், அதையும் கணக்குல வைங்க). மூணாம் நாள் டிரைகார்னர் நாப், 5 மைலும் சொச்சமும். நாலாம் நாள் காஸ்பி நாப், ஏழே முக்கால். கடைசி நாள் லோ கேப் வந்து, அங்கிருந்து 3 மைல் எறக்கத்துல காஸ்பி கேம்ப்கிரவுண்ட். எல்லாம் சேத்து 27 மைல் சுமார். கடைசி நாள் கால்ல தெம்பு இருந்தா, லோ கேப்ல பையை எறக்கி ஆள் ஒருத்தரக் காவலுக்கு வச்சிட்டு மவுண்ட் கேமரர் கல் கோபுரம் போயி வாங்க, போக வர அஞ்சரை மைல். 1930-கள்ல வேலையில்லாத பையங்களை வச்சு அரசாங்கம் கட்டுனது, காட்டுத்தீ காவலுக்கு.

பனியன்னதும் ஒங்களுக்குத் திருப்பூர் ஞாபகம் வந்திருக்கும். அது கால் பெருவிரலோரம் எலும்பு புடைச்சு வருமே, அந்த வீக்கத்தோட பேரு. ஒரு மலையோட உச்சிக்கு அப்படியா பேரு வைப்பாகன்னு நானும் கேட்டேன். போயிப் பாருங்க, அப்படியேதான் மொட்டையாப் புடைச்சுக்கிட்டு நிக்கும். 1925-ல காட்டுத்தீ, பின்னாடி 1929-ல பேய் மழை, மண்ணு முழுக்க அடிச்சிட்டுப் போயி வெறும் பாறை ஆயிருச்சு.

கரடி பத்தி ராத்திரி எழுதுறேன், அடுப்புல ரசம் இருக்கு.


வேளச்சேரி வாக்கர் எழுதியது:

ப்ரோ, அக்கா சொல்றது சேஃப். ஆனா முடியாதுன்னு இல்ல. நான் போன வருஷம் மே மாசம் அதே 72, அஞ்சு நாள், நாலு நைட்டு முடிச்சேன். ஸ்பென்ஸ் ஃபீல்டு, டபுள் ஸ்பிரிங் கேப், ஐஸ்வாட்டர், டிரைகார்னர், டேவன்போர்ட். 17, 14, 14, 12½, கடைசில 15-க்குக் கொஞ்சம் மேல. பையோட எடை சாப்பாடு தண்ணி இல்லாம 5 கிலோ. மேட்டரே எடைதான். டூத் பிரஷ்ஷை பாதியா வெட்டுற கூட்டம் நான், சிரிச்சுக்கோங்க.

உண்மையையும் சொல்லிடறேன். தனியாப் போனேன், வயசு 29, கால்ல ரெண்டு நகம் போச்சு. ராக்கி டாப்ல வியூ செமன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் அங்க மொத்தமா நின்னது நாலு நிமிஷம், ஏன்னா வாட்ச்சைப் பாத்துக்கிட்டே இருந்தேன். மே மாசத்துல வெளிச்சம் ராத்திரி எட்டரை வரைக்கும் இருந்தது. உங்க அக்டோபர்ல ஏழு மணிக்கு சூரியன் காலி. 15 வயசுப் பொண்ணை ஹெட்லைட்ல நடக்க வைக்கப் போறீங்களான்னு பாத்துக்கோங்க.

எதை எடுத்துட்டுப் போனாலும் காட்டன் வேணாம். டி-ஷர்ட், ஜீன்ஸ், சாக்ஸ் எதுவும். நனைஞ்சா காயாது. மேல வெயில் அடிக்கும்னு நம்பாதீங்க, பூங்காவோட சில உச்சிகள்ல வருஷத்துக்கு 85 இன்ச்சுக்கு மேல மழை.


வடமராட்சியான் எழுதியது:

வணக்கம். நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன். போன ஒக்டோபர் நாங்கள் நாலு பேர் காரிலயே இறங்கி வந்து, நீங்கள் விடப்போற மற்றப் பாதியை நடந்தனாங்கள்: ஃபொன்டானாவில இருந்து நியூஃபவுண்ட் கேப் வரைக்கும், 66 கிலோமீற்றர் வரும். அக்கா சொன்ன மாதிரி முதல் ஏத்தம் உயிரை எடுத்துப் போட்டுது. எங்களில ஒருத்தர் ஷக்ஸ்டாக்கில இருந்துகொண்டு, "நான் இதில இருந்து வடிவாத் தேத்தண்ணி குடிச்சுப்போட்டுத் திரும்பிப் போறன்" எண்டு சொன்னவர். பேந்து வந்தவர்தான்.

நான் சொல்ல வந்தது தண்ணி. ஒக்டோபர் அந்தப் பக்கம் மழை குறைஞ்ச மாதம். பாதை மலை முதுகில போறதால ஊற்றுகள் எல்லாம் சின்னன். சைலர்ஸ் போல்டில ஊற்று நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது, ஒரு லீற்றர் பிடிக்க ஆறு நிமிசம். நாலு பேருக்கும் பிடிச்சு முடிக்க இருட்டிப் போச்சு. அதுக்குப் பிறகு தண்ணி கண்ட இடமெல்லாம் நிரப்பினனாங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் கொள்ளுற போத்தல், அதோட ராத்திரிச் சமையலுக்கு மடிச்சு வைக்கக்கூடிய தண்ணிப் பை ஒண்டு கொண்டு போங்கோ. வடிகட்டாமல் குடிக்கவேண்டாம், எவ்வளவு தெளிவாத் தெரிஞ்சாலும். வடிகட்டியை ராத்திரி உறக்கப் பைக்குள்ள வைச்சுக்கொண்டு படுங்கோ, உள்ளுக்குத் தண்ணி உறைஞ்சால் வடிகட்டி பழுதாப் போகும், வெளியில பாக்கத் தெரியாது.

எலி. கரடியைப் பற்றி எல்லாரும் கேக்கினம், எலியைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்ல. ஷெல்டரில படுத்தால் தலைமாட்டில ஓடும். பையின்ர சிப் எல்லாத்தையும் திறந்து விட்டுத் தொங்கவிடுங்கோ, மூடி வைச்சால் கடிச்சு ஓட்டை போட்டுத்தான் உள்ளுக்குப் போகும். ஒரு கச்சான் விதை பொக்கற்றில மறந்து விட்டதால என்ர புது ஜக்கெற் போச்சுது.

வழியில குவோஹி வரும், 2,025 மீற்றர், முழு ஏ.டி.யிலயும் உயர்ந்த இடம். பழைய படங்களில கிளிங்மன்ஸ் டோம் எண்டு இருக்கும். செரோக்கி எண்ட அந்த மண்ணின்ர பூர்வகுடிச் சனம் கேட்டு, 2024 செப்ரெம்பரில பழைய பேரைத் திருப்பிக் குடுத்தவை. மல்பெரி இருக்கிற இடம் எண்டு அர்த்தமாம். எங்கட ஆக்களுக்கு ஊர்ப் பேர் மாறுறது எண்டால் என்னெண்டு தெரியும்தானே, அதால நான் அந்தப் பலகைக்குப் பக்கத்தில கொஞ்ச நேரம் நிண்டனான். உங்கட வழியில அது வராது. ஆனால் நியூஃபவுண்ட் கேப்புக்குக் காரில போகேக்க பக்கத்திலதான், ஒக்டோபரில றோட்டும் திறந்திருக்கும். நேரம் இருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ. சுத்தி நிக்கிற சாம்பல் நிற மொட்டை மரங்கள் எரிஞ்சது இல்லை, வெளியில இருந்து வந்த ஒரு சின்னப் பூச்சி குடிச்சுக் கொண்ட ஃபிர் மரங்கள்.


போடிமெட்டுக்காரி எழுதியது:

கரடி.

உங்க மாமியார்கிட்ட சொல்லுங்க, இது நம்மூர் மலைக்கரடி இல்ல. நம்மூர்க் கரடி திடுதிப்புன்னு எதிர்ல பாத்துட்டா மூஞ்சியில பிராண்டிரும், எங்க பக்கத்துல அப்படி முகம் போன ஆளுகள நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். இங்க இருக்கிறது அமெரிக்கக் கருங்கரடி, கூச்சப் பிராணி. ஆனா எண்ணிக்கை நெறைய, சதுர மைலுக்கு ரெண்டு வரும். அதுக்கு உங்க மேல ஆசை கிடையாது. உங்க நெய் டப்பா மேலதான் ஆசை.

ஒவ்வொரு ஷெல்டர்லயும் ரெண்டு மரத்துக்கு நடுவுல கம்பி கட்டி, கப்பி போட்டு, பையை மேல இழுத்துக் கட்டுற கேபிள் இருக்கும். சாப்பாடு, குப்பை, பற்பசை, உதட்டுல பூசுறது, சோப்பு, வாசனை உள்ள எதுவா இருந்தாலும் ராத்திரி அங்கதான். மிட்டாய்க் காகிதம்கூட தூங்குற எடத்துல கூடாது. கரடியப் பாத்தா ஓடாதீங்க. நேரப் பாத்துக்கிட்டே மெதுவாப் பின்வாங்குங்க, 50 கஜத்துக்கு உள்ள நெருங்காதீங்க. அதுவே தொடர்ந்து வந்தா சத்தம் போட்டு, மூணு பேரும் ஒண்ணா நின்னு பெருசாத் தெரியணும். கரடி ஸ்பிரே வச்சுக்கலாம், அனுமதி உண்டு. வம்பே நடக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன். 2016 மே மாசம் ஸ்பென்ஸ் ஃபீல்டுல கூடாரத்துக்குள்ள தூங்குனவரு கால்ல ஒரு கரடி கடிச்சிருச்சு. இத மாமியார்கிட்ட சொல்ல வேணாம்.

ஒங்க பொண்ணுக்குன்னு சில விசயம், அப்பன்காரனும் மாமன்காரனும் யோசிக்க மாட்டீக, அதான் நான் சொல்றேன். தேதியக் கணக்குப் பாத்துக்கச் சொல்லுங்க. பேடு எடுத்துட்டுப் போகட்டும், ஒண்ணும் அசிங்கம் இல்ல, ஆனா உபயோகிச்சத காட்டுல புதைக்கக் கூடாது, கழிப்பறைக் குழியிலயும் போடக் கூடாது. வெளிய தெரியாத கனத்த ஜிப் பையில போட்டு, ராத்திரி அதுவும் கேபிள்லதான். ஷெல்டர்னா ஒரு பக்கம் தொறந்த கல்லு வீடு, ரெண்டு தட்டு மரப்பலகை, ஆம்பள பொம்பள தெரிஞ்சவுக தெரியாதவுக எல்லாரும் வரிசையாப் படுக்கிற எடம். அவளுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. ஓரத்துல அவ, அடுத்து நீங்கன்னு படுத்துக்கங்க. உடுப்பு மாத்துறது தூக்கப் பைக்குள்ளயே நடக்கும், கத்துக்கிருவா. அவ பை அவ எடையில அஞ்சுல ஒரு பங்கத் தாண்ட வேணாம், எம்புட்டு ஓடுறவளா இருந்தாலும் சரி. தூக்கப் பை 20 டிகிரி ஃபாரன்ஹீட் தாங்குறதா பாத்து எடுங்க. அக்டோபர் நடுவுல மேல ராத்திரி உறைபனி வரலாம்.

எல்லா ஷெல்டர்லயும் கழிப்பறை இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. சின்னக் கைக்கரண்டி ஒண்ணு வேணும், தண்ணி எடுக்கிற எடத்த விட்டுத் தள்ளிப் போயி ஆறு அங்குலம் தோண்டணும். கை கழுவ சோப்பும் தண்ணியும்தான். அந்த ஜெல்ல நம்பாதீங்க, வயித்தப் புடுங்குற நோரோ வைரஸ் அதுக்குச் சாகாது, ஷெல்டர்ல ஒருத்தருக்கு வந்தா வரிசையா வரும்.

சோறு. என் முத பயணத்துல நான் எவர்சில்வர் தூக்குவாளி எடுத்துட்டுப் போனவ. ஒரு கிலோ பொன்னி அரிசி, பெருங்காய டப்பா, தாளிக்க எண்ணெய், அரை கிலோ சின்ன வெங்காயம். பை 17 கிலோ. ஸ்பென்ஸ் ஃபீல்டுல ராத்திரி வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், சுத்தி இருந்த வெள்ளக்காரப் புள்ளைக எல்லாம் வெந்நி ஊத்தி அஞ்சு நிமிசத்துல சாப்பிட்டுப் படுத்துருச்சுக. மறுநாள் மழை. நான் பருத்திச் சுடிதார். சைலர்ஸ் போல்டு வர்றதுக்குள்ள பல்லு அடிச்சுக்க ஆரம்பிச்சிருச்சு, பேச்சு குழறுது, கை விரலால பையோட கொக்கியத் தொறக்க முடியல. யாரோ ஒரு சின்னப் பொண்ணு, என் மக வயசு இருக்கும், என் ஈரத் துணியக் கழட்டி, தன் காஞ்ச உடுப்ப மாட்டிவிட்டு, சூடாச் சக்கரத் தண்ணி குடிக்க வச்சா. அவ பேரக் கேக்கக்கூட எனக்குத் தோணல அன்னைக்கு.

இப்ப நான் எடுத்துட்டுப் போறது: காலைக்கு வறுத்த சத்துமாவு, வெல்லப்பொடி கலந்து, வெந்நியில கரைச்சுக் குடிக்கிறது. நடக்கும்போது கடலமிட்டாய், பேரிச்சை, முந்திரி. மதியம் சப்பாத்திக்குள்ள பருப்புப்பொடி, நெய் (வீட்டுல சுட்ட சப்பாத்தி ரெண்டு நாள் தாங்கும், அப்புறம் கடை டார்ட்டியா). ராத்திரிக்கு வறுத்த ரவையில தாளிச்சுக் கலந்து பொட்டலம் கட்டுன உப்புமா, இல்ல அவல்ல புளிக்காய்ச்சல். ரெண்டுக்கும் வெந்நி போதும். கூட ரசப்பொடி. டிரைகார்னர் ஷெல்டர் 5,900 அடிக்கு மேல இருக்கு, மேகம் உள்ளாறயே வரும். அங்க உக்காந்து கொதிக்கிற ரசம் குடிச்சுப் பாருங்க. கேஸ் குப்பி விமானத்துல வராது, உங்களுக்குக் கார்தான், பிரச்சினை இல்ல.

டிரைகார்னர்ல இருந்து காஸ்பி நாப் போற வழியில, இனாடு நாப் பக்கம், பாதையோரமாவே உலோகத் துண்டுக சிதறிக் கெடக்கும். குப்பைன்னு நெனச்சிராதீங்க. 1984 சனவரில ஒரு ஃபேன்டம் போர் விமானம் மலையில மோதுனது, உள்ள இருந்த ரெண்டு பேரும் செத்துப் போனாக. எடுக்காதீங்க, உங்க பொண்ணு கேட்டா சொல்லுங்க.

டேவன்போர்ட் பக்கம் ஏன் போக வேணாம்னு சொன்னேன்னா, 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் அந்தப் பிக் கிரீக் பக்கத்த நல்லாவே பதம் பாத்துருச்சு. எந்த ரோடு தொறந்திருக்குன்னு போற வாரம் பூங்கா அறிவிப்பப் பாக்கணும். காஸ்பின்னாலும் பாத்துட்டுத்தான் கெளம்பணும்.


சிறுவாணித்தண்ணி எழுதியது:

அக்கா, எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. மத்த ரெண்டு பேருக்கும்.

ராத்திரி இதைப் பூரா பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன் (தமிழ் படிக்க வராது, கேட்டாப் புரியும்). 72 இல்லை, 27-ன்னு சொன்னதும் மூஞ்சி தொங்கிப்போச்சு. "எண்ணைத் திருப்பிப் போட்டுட்டீங்களாப்பா"ன்னு கேட்டா. அப்புறம் அந்தத் தூக்குவாளிக் கதை வந்ததும் சிரிச்சு, அந்த சின்னப் பொண்ணு உடுப்புக் குடுத்த எடத்துல பேசாம ஆயிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, கூடுதலா ஒரு செட் காஞ்ச துணி யார் தூக்கறதுன்னு கேட்டா. மச்சினன் தூக்கறான்னு முடிவாச்சு. அவனுக்கு இன்னும் தெரியாது.

பெர்மிட்டுக்கு நேத்து காலைல உக்காந்தேன். வியாழக்கிழமை தொடங்கற மாதிரி பாத்தா சனிக்கிழமை ராத்திரி டிரைகார்னர் தீர்ந்துபோச்சு. ஞாயித்துக்கிழமைக்கு மாத்தினேன், நாலு ராத்திரியும் மூணு பேருக்கும் கெடைச்சிருச்சு. 96 டாலர், நீங்க சொன்ன அதே கணக்கு. பொண்ணு ஸ்கூலுக்கு லீவு லெட்டர் எழுதணும், காரணம் என்னன்னு எழுதறதுன்னு தெரியலை.

ரெண்டே ரெண்டு சந்தேகம். எனக்கு எறக்கத்துல இடது முட்டி வலிக்கும், காஸ்பிக்கு எறங்கறப்ப பிரச்சினை ஆகுங்களா? அப்புறம், எலுமிச்சை ஊறுகாய் கொண்டு போகலாமா? சிரிக்காதீங்க.


போடிமெட்டுக்காரி எழுதியது:

லோ கேப் 4,200 அடி, காஸ்பி கேம்ப்கிரவுண்ட் 2,500 கிட்ட. 3 மைல்ல 1,700 அடி எறக்கம், ஒங்க முட்டி கட்டாயம் பேசும். ரெண்டு நடைக்கம்பு வாங்குங்க, ஒண்ணு பத்தாது. எறங்கும்போது கம்போட நீளத்தக் கொஞ்சம் கூட்டி, காலுக்கு முன்னாடி ஊணிட்டு அப்புறம் கால வைங்க. நீங்க வெள்ளியங்கிரியில தடி ஊணுன ஆளுதான, அதே பழக்கம், ரெண்டு கையில. இன்னும் ஒரு மாசம் இருக்கு. வாரம் ரெண்டு நாள் அரிசி மூட்டையப் பையில போட்டு மாடிப்படி ஏறி எறங்குங்க, எறங்குறதுதான் முக்கியம், லிஃப்ட்ல எறங்கிறாதீங்க. மவுண்ட் கேமரர் போறதா வேணாமான்னு காஸ்பி நாப்ல காலைல முட்டியக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. வேணாம்னா மச்சினனும் பொண்ணும் போயிட்டு வரட்டும், பைக்குக் காவல் நீங்க.

ஊறுகாய் கொண்டு போங்க. கண்ணாடி பாட்டில் வேணாம், சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல, மேல ரெண்டு ஜிப் பை. ராத்திரி கேபிள்ல ஏத்த மறந்துறாதீங்க. கரடிக்கு நம்ம ஊறுகாய் புடிக்குமான்னு எனக்குத் தெரியாது, ஆனா பெக்ஸ் கார்னர்ல பக்கத்துல படுத்திருந்த ஓஹையோக்காரருக்குப் புடிச்சிருச்சு, பாதி டப்பா போச்சு. கூட ஒண்ணு வச்சுக்கங்க.